5 கட்டையில் எழுதியிருக்கிறேன்

களியக்காவிளை
ஞாயிறு மத்தியானம்

அன்பு மக்களே,

நீ பாடி அனுப்பின தாலாட்டு கிடைத்தது. 1 நிமிடம் 52 வினாடி. கீழே ஒரே வரி: "இதுக்கு கார்டு போட்டுத் தாங்கப்பா, மைனர்ல வேணும்." பாட்டுக்குக் கீழே சேர்ந்து ஒலிக்கிற சுரக்கூட்டுதான் கார்டு, மைனர் என்றால் சோகமாகக் கேட்கிற கூட்டு. நாலு மாதத்துக்கு அப்புறம் உன்னிடமிருந்து வந்த முதல் வரி. பாட்டைக் கேட்ட அளவுக்கு அந்த வரியையும் வாசித்திருக்கிறேன்.

போனில் சொல்லியிருக்கலாம். கூப்பிட்டால் மாப்பிள்ளைதான் எடுக்கிறார். நீ குளிக்கிறாய் என்கிறார், தூங்குகிறாய் என்கிறார். நான்தான் நேரம் பார்க்காமல் கூப்பிடுகிறேன் போலிருக்கிறது. அதனால் எழுதுகிறேன். இதை உன் ஆபீஸ் விலாசத்துக்கு அனுப்புகிறேன். பகலில் அங்கே கையெழுத்துப் போட்டு வாங்க ஆள் இருக்கும்.

அம்மாச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மழை விடாததால் பத்து நாளாக ரப்பர் வெட்டு இல்லை. வேறு விசேஷம் இல்லை.

பாட்டை முதலில் ஒரு கார்டும் போடாமல் கேட்டேன். எந்தப் பாட்டுக்கும் அதுதான் முதல் வேலை, நீயும் அப்படியே செய். ஆர்மோனியத்தில் ஸ, ப இரண்டையும் அழுத்திக்கொண்டு, பாட்டு எங்கே வந்து இளைப்பாறுகிறது என்று பார்க்க வேண்டும். தொடங்குகிற சுரத்தை வைத்து முடிவு பண்ணாதே, எத்தனையோ பாட்டு பஞ்சமத்தில் தொடங்கும். நீ வந்து நிற்பது ஜி-யில். நம் சுருதிக் கணக்கில் 5 கட்டை. உன் அம்மையின் கட்டை. ஸ ரி க ப த என்று ஐந்தே சுரம், பியானோவில் ஜி, ஏ, பி, டி, இ. மத்தியமமும் நிஷாதமும் எங்கேயும் இல்லை. அம்மாச்சி மரச்சீனி அவித்துக்கொண்டே பாடின தாலாட்டுக்கு யாரும் ராகம் பார்த்ததில்லை. எழுதிப் பார்த்தால் மோகனம்.

மோகனத்தில் ஒரு விஷயம் இருக்கிறது. மூன்று சுரம் சேர்ந்த மேஜர், மைனர் கார்டுகளில் அந்த ஐந்துக்குள் முழுசாக அடங்குவது இரண்டே இரண்டு. ஜி மேஜர்: ஜி, பி, டி. இ மைனர்: இ, ஜி, பி. ஒன்றிலிருந்து மற்றதுக்குப் போக ஒரு விரலை டி-யிலிருந்து இ-க்கு நகர்த்தினால் போதும். பாடுகிறவள் ஒரு சுரத்தைக்கூட மாற்ற வேண்டாம். கீழே ஜி இருந்தால் தொட்டில் ஆடுகிற மாதிரி இருக்கும். அதே வரிக்குக் கீழே இ வைத்தால் தொண்டை அடைக்கும்.

நீ மைனர் கேட்டாய். ஜி மைனர் வைக்கவே முடியாது. நீ பாடுவது மேலே இருக்கிற க, அந்தர காந்தாரம், அந்தக் கார்டில் இருப்பது அதற்குக் கீழே இருக்கிற சாதாரண காந்தாரம், இரண்டும் அரைக்கட்டை தள்ளி இடித்துக்கொள்ளும். ஆகவே இ மைனர்தான் வழி. இரண்டாம் சரணத்துக்கு அதை எழுதிவிட்டேன். முதல் சரணத்துக்கு மட்டும் ஜி மேஜரையே விட்டிருக்கிறேன். நீ கேட்டதை அப்பா மீறிவிட்டேன் என்று நினைக்காதே. எனக்கு முழுப் பாட்டையும் இ-யில் வைக்க மனசு வரவில்லை. தாலாட்டை ஏன் மைனரில் கேட்கிறாய் என்று நான் கேட்கவில்லை.

டி வேண்டிய இடங்களில் முழு டி மேஜர் போடாதே. அதில் வரும் எஃப் ஷார்ப்தான் நிஷாதம், நீ பாடாத சுரம். டி, ஏ இரண்டை மட்டும் வைத்திருக்கிறேன். "கண்ணுறங்கு" வருகிற இடத்தில் நடுவே ஜி சேரும், டி சஸ் ஃபோர். மூன்றுமே மோகனத்துக்குள் இருக்கிற சுரம்தான். கடைசியில் ஒரே ஒரு தடவை சி மேஜர் வைத்து அங்கிருந்து ஜி-க்கு வந்திருக்கிறேன். சபையில் பாட்டு முடிந்ததும் பாடுவோமே ஆமென், அதே இறக்கம். பாட்டில் இல்லாத மத்தியமம் அங்கே மட்டும் வாத்தியத்தில் வரும். அதற்குள் நீ பாடி முடித்திருப்பாய், ராகம் கெடாது.

ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு கார்டு மாற்றாதே. திஸ்ரத்தில், மும்மூன்று எண்ணிக்கையாக ஆடுகிற பாட்டு, ஆறு எண்ணிக்கைக்கு ஒரு கார்டு தாராளம். முதல் அடியில் விழுகிற சுரம் கார்டுக்குள் இருந்தால் போதும், இடையில் கடந்து போகிற சுரங்களைத் துரத்த வேண்டாம். அப்புறம், குரல் இருக்கிற இடத்தில் கை வைக்காதே. பியானோவின் நடுப்பகுதியில்தான் உன் குரலும் இருக்கிறது. பேஸ் கீழே இருக்கட்டும், வயலினை மேலே மெல்லிசாக நீட்டு. நீ மூச்சு எடுக்கிற இடத்தில் புல்லாங்குழல் சின்னதாய் ஒரு பதில் சொல்லலாம், நீ வாய் திறந்ததும் அது நின்றுவிட வேண்டும். யார் வாசித்தாலும் சரி, யார் மிக்ஸ் பண்ணினாலும் சரி, குரலை மூட விடாதே.

சுருதிப் பெட்டி இல்லாமல் பாடியிருக்கிறாய். 0:41 வரைக்கும் அதனால் ஒரு குறையும் இல்லை. 0:41-ல் ஒரு கதவுச் சத்தம். அதிலிருந்து உன் குரல் பாதியாகிவிடுகிறது. சுருதியும் கால் கட்டை இறங்கிக் கடைசி வரை மேலே வரவே இல்லை. ஹெட்போன் போட்டுத் திரும்பத் திரும்பக் கேட்டேன். கதவுச் சத்தத்தை கம்ப்யூட்டரில் எடுத்துவிடலாம் என்கிறார்கள். இறங்கின சுருதியையும் வரி வரியாக வெட்டி ஏற்றிவிடலாமாம். வேண்டாம் மக்களே. சுருதியைக் காதில் வைத்துக்கொண்டு, யாரும் வராத இடத்தில் உட்கார்ந்து திரும்பப் பாடு. காதில் டக் டக் என்று தாளம் தட்டுகிற கிளிக் டிராக்கும் வேண்டாம். நீ இழுக்கிற இடத்தில் வாத்தியம் காத்துக்கொண்டு நிற்கட்டும். பாடுகிறவளுக்காக வாசிக்கிறவன் காத்திருப்பதில் ஒன்றும் குறைந்துவிடாது.

உன் அம்மைக்கும் போட்டுக் காட்டினேன். முதல் தடவை சிரித்தாள். இரண்டாம் தடவை வாயசைத்தாள். மூன்றாம் தடவை அந்தக் கதவு வருகிற இடத்துக்கு முன்பே எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள். நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

எட்டு வயதில் சபைப் பாட்டுக்குழுவில் உன்னை ஆல்டோவில், சொப்ரானோவுக்குக் கீழே வருகிற வரியில் நிறுத்தினேன். பக்கத்தில் சொப்ரானோ பெரிய பிள்ளைகள், பின்னால் நாங்கள் பேஸ். இரண்டு பக்கத்திலிருந்தும் சத்தம் இடித்தும் உன் வரியை நீ விடவில்லை. பாட்டு முடிந்ததும் சபைப் போதகர் ஐயர் திரும்பிப் பார்த்து யார் அந்தப் பிள்ளை என்று கேட்டார். அந்தப் பிள்ளை இந்தக் கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வரவில்லை. லீவு இல்லை என்று மாப்பிள்ளை சொன்னார். சரி. ஆனால் அதை நீ சொல்லியிருக்கலாம். நீ ஒரு வார்த்தை பேசியிருந்தால் உன் அம்மை அன்றைக்குச் சாப்பிட்டிருப்பாள்.

உன்னைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி. ஒன்று எழுத வேண்டும். அம்மை மேடையில் பாடுவதை நிறுத்தியது தைராய்டினால் என்றுதானே உனக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். அது பொய். தைராய்டு வந்தது அதற்கு ரொம்ப வருஷம் கழித்து.

1999. பாறசாலைக்கு அந்தப் பக்கம் ஒரு கோயில் உற்சவத்தில் நம்முடைய கானமேளா, பாட்டுக் கச்சேரி. உனக்கு நாலு வயது, மேடைக்குப் பின்னால் ஆம்ப்ளிஃபயர் பெட்டி மேல் தூங்கிக்கொண்டிருந்தாய். அம்மைக்கு இரண்டு நாளாகச் சளி. ஒரு கட்டை இறக்கித் தாருங்கள், 5-ல் பாடிவிடுகிறேன் என்று கேட்டாள். பாட்டு 6 கட்டையில் இருந்தது. கிட்டார் வாசிக்கிறவர் சரி அக்கா என்றார், பேஸ் வாசிக்கிற பையனும் சரி என்றான். நான்தான் முடியாது என்றேன். கேசட்டில் இருக்கிற மாதிரியே அந்த முன்னிசையை 6-ல் மூன்று மாதம் பழகியிருந்தேன். ஜனங்கள் அதற்குக் கைதட்ட வேண்டும். என் கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பட்டன் இருந்தது மக்களே. இரண்டு தடவை அழுத்தினால் ஒரு கட்டை இறங்கும். இரண்டே தடவை.

சரணத்தில் மேல் ஷட்ஜம் போகும்போது அவள் குரல் உடைந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா. வால்யூமை ஏற்றி, அவள் பாட வேண்டிய மெட்டை கீபோர்டில் நானே வாசித்துக்கொண்டு போனேன். அவள் மைக்கைப் பிடித்தபடி நின்றாள். பாட்டு தப்பித்தது, கைதட்டலும் வந்தது. இறங்கி வந்ததும் எல்லார் முன்னாலும், நீ மானத்தை வாங்கிவிட்டாய் என்று அவளிடம் சொன்னேன். அவள் உன்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வேனில் ஏறினாள். அதற்குப் பிறகு மேடை ஏறவில்லை. வீட்டிலும் சத்தமாகப் பாடவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. தாலாட்டு மட்டும் உனக்காக, மெதுவாக, கதவைச் சாத்திக்கொண்டு பாடுவாள். நான் உள்ளே வந்தால் குரலை இறக்கிக்கொள்வாள்.

கதவுச் சத்தம் கேட்டதும் ஒரு பெண்ணின் குரல் எப்படி இறங்கும் என்று எனக்கு அதனால்தான் தெரியும். இந்த வீட்டில் அப்படி இறக்க வைத்தவன் நான்.

போன வாரம் அம்மையிடம் இதைச் சொல்லிக் கேட்டேன். மன்னிப்பு என்கிற வார்த்தை சரியாக வாயில் வரவில்லை. அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். "பிள்ளைக்கு எழுதுங்க" என்று மட்டும் சொன்னாள். அதனால் எழுதிவிட்டேன்.

வடக்கு அறையில் அடுக்கியிருந்த ரப்பர் ஷீட்டை எல்லாம் எடுத்துவிட்டு வெள்ளையடித்திருக்கிறேன். கதவுக்கு உள்பக்கத்தில் புதுத் தாழ்ப்பாள் போட்டாயிற்று. ஆர்மோனியத்தை அங்கேதான் வைத்திருக்கிறேன். பாட்டை அங்கே வந்தும் பதிவு பண்ணலாம். பத்து நாளோ பத்து மாதமோ, எத்தனை நாள் என்று யாரும் கேட்க மாட்டார்கள். குழித்துறை ஸ்டேஷனில் எந்த நேரத்தில் இறங்கினாலும் நான் நிற்பேன். முன்கூட்டிச் சொல்லணும் என்றுகூட இல்லை, ரயிலில் ஏறின பிறகு சொன்னால் போதும். நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்
அப்பா

பின்குறிப்பு: தாளில் எல்லாம் 5 கட்டையில்தான் எழுதியிருக்கிறேன். உனக்கு அது ஏற்றமாக இருந்தால் சொல், 4-க்கு இறக்கி மறுபடி எழுதி அனுப்புகிறேன். 3 என்றாலும் சரி.