கண்ணாடி பிளேட்டைக் கழுவாதீர்கள்

பழைய போட்டோ ஸ்டூடியோ குடும்பத்தாருக்கு,

தாத்தா எடுத்த கண்ணாடி நெகட்டிவ்கள் (பிளேட்டுகள்) இன்னும் உங்கள் பரணில் இருந்தால், அவற்றைச் சுரண்டி ஃபிரேம் கண்ணாடியாக விற்காதீர்கள். தூசு போகட்டுமென்று ஈரத்துணியாலும் துடைக்காதீர்கள்.

முன்பெல்லாம் கொலோடியன் என்னும் பசைத் திரவம் பூசிய பிளேட்டில் ஈரம் காயுமுன் படமெடுத்து, அங்கேயே டெவலப் செய்யவும் வேண்டியிருந்தது. 1871இல் ரிச்சர்ட் மேடாக்ஸ் ஜெலட்டினில் வெள்ளி புரோமைடு கலந்த பூச்சை முன்வைத்தார். அதிலிருந்து வளர்ந்த உலர் பிளேட்டைப் பெட்டியோடு வாங்கி வைத்துக்கொள்ள முடிந்தது. உங்களிடம் இருப்பவை பெரும்பாலும் அவைதான். ஜெலட்டின் நீரை உறிஞ்சி உப்பும்; தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் ஓரத்திலிருந்து தோலாக உரியும்.

பளபளப்பான பக்கம் கண்ணாடி, மங்கலான பக்கம் மருந்து, அதாவது படம் பதிந்த பூச்சு. மருந்துப் பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்தால் முகங்களில் மெல்லிய பென்சில் கோடுகள் தெரியலாம். கண்ணுக்குக் கீழுள்ள கருமையும் சுருக்கமும் பிரிண்டில் வெளுக்கட்டும் என்று டச்சிங் செய்தவரின் கைவேலை அது. ஒரு துடைப்பில் போய்விடும். ஓரங்களில் நீலநிற முகக்கண்ணாடிபோல மின்னுவது வெள்ளி மேலே கசிந்து படிந்தது; அதையும் தேய்க்க வேண்டாம். நைட்ரைல் (செயற்கை ரப்பர்) கையுறை போட்டு, விளிம்பைப் பிடித்து, கண்ணாடிப் பக்கத்தை மட்டும் மென்தூரிகையால் தட்டினால் போதும்.

அமிலமில்லாத காகித உறையில், பிளாஸ்டிக்கில் அல்ல, நீளவாட்டு விளிம்பில் நிற்க வையுங்கள். படுக்க வைத்து அடுக்கினால் பாரம் தாங்காமல் அடியிலுள்ளது விரிசல் விடும். உடைந்தவை மட்டும் தட்டில் படுக்கட்டும், செலோடேப் ஒட்டாதீர்கள். பிளேட்டின் எண்ணை உறையில் எழுதிய பிறகே அதை உள்ளே விடுங்கள். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும்; 30 முதல் 40 சதவீதம் நல்லது. பகலில் ஏசி, இரவில் நிறுத்தம் என்றால் ஏசியே இல்லாமலிருப்பது மேல். குளிர்ந்த பெட்டியை வெளியே கொண்டுவந்ததும் திறக்காதீர்கள், பிளேட்டில் வியர்க்கும்.

நகல் எடுக்க, அடியிலிருந்து வெளிச்சம் தரும் லைட் பாக்ஸும், கேமராவில் கிட்டத்தில் படமெடுக்கும் மேக்ரோ லென்ஸும் போதும். பிளேட்டைச் சுற்றிக் கறுப்பு அட்டை வையுங்கள், இல்லாவிட்டால் சுற்றுவெளிச்சம் படத்தை மங்கடிக்கும். மருந்துப் பக்கம் லென்ஸைப் பார்க்கட்டும். பிறகு கணினியில் இடவலமாகத் திருப்புங்கள்.

பிளேட் ஓரத்தில் கீறிய எண்ணும் ஸ்டூடியோ பதிவேட்டின் எண்ணும் சேர்ந்தால்தான் படத்திலிருப்பவருக்குப் பெயர் கிடைக்கும். பழைய காகிதக்காரர் வந்தால் அந்தப் பதிவேட்டைத் தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
பழைய நெகட்டிவ் பராமரிப்போர் சிலர்