மேடை முழுக்க வெள்ளையா, தம்பி?

அன்புள்ள தம்பி,

நீ மேடை அலங்காரம் எடுத்திருக்கும் கல்யாணத்தில் குமரி மாவட்டத்துக் குழித்துறைப் பொண்ணு, சிங்கப்பூர்ச் சீன மாப்பிள்ளை; காலையில் சர்ச், சாயங்காலம் மண்டபத்தில் வரவேற்பு. பொண்ணு வீட்டார் மேடை முழுக்க வெள்ளை கேட்கிறார்கள், சீனர்களுக்கு அது துக்க நிறமாயிற்றே, மாப்பிள்ளையின் பாட்டி முகம் சுளிப்பாரோ என்று எழுதியிருந்தாய். அப்படியே போட்டால் சுளிப்பார். அதற்காக வெள்ளையை விட்டுவிட வேண்டாம். பக்கத்தில் எதைத் துணை நிறுத்துகிறாய் என்று பார்த்துக்கொள்.

இதைச் சீனக்காரர் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிடாதே. 'கோடி' என்று நாம் சொல்வது கல்யாணப் புதுத்துணியையும்தான், இழவு வீட்டுக்கு எடுத்துப்போகிற துணியையும்தான். இரண்டும் ஒரே தறியில் இறங்கியதாகக்கூட இருக்கும். கல்யாணக் கோடியின் மூலையில் மஞ்சள் தடவுகிறோமே, அந்த ஒரு விரல் மஞ்சள்தான் இரண்டையும் பிரிக்கிறது. திருவிதாங்கூர்ப் பழக்கம் விடாத வீடுகளில் கசவுக்கரை, அதாவது பொன்சரிகைக் கரை, போட்ட முண்டும் நேரியதும் மங்கலம். கரையில்லாத வெள்ளைச் சீலையைக் கண்டால் பழைய ஆட்களுக்குக் கைம்பெண் ஞாபகம் வரும். அய்யாவழிக்காரர்களின் சாமிதோப்புப் பதியில் நெற்றிக்கு ஏறும் வெள்ளைத் திருமண் நாமத்துக்கோ துக்கத்தோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இஸ்லாமிய வீட்டு மாப்பிள்ளை நிக்காஹுக்கு வெள்ளையில் வருவார். ஹஜ்ஜுக்குப் போகும்போது தைக்காத இரண்டு வெள்ளைத் துணி உடுத்துவார். இறந்தவரைச் சுற்றும் கஃபன் துணியும் வெள்ளைதான், ஆணுக்கு மூன்று துணி, பெண்ணுக்கு ஐந்து. பெண்கள் மார்பை மறைத்து உடுத்தும் தோள்சீலை உரிமைக்காக 1859 வரை அடிபட்ட மண் இது. துணியில் கரை இருக்கிறதா, தையல் இருக்கிறதா என்பதெல்லாம் இங்கே சின்ன விஷயமே இல்லை.

சர்ச் கல்யாணத்துக்கு வெள்ளை என்பதும் ஆதிகாலத்து வழக்கம் இல்லை. விக்டோரியா அரசி 1840 பிப்ரவரி 10 அன்று வெள்ளை கவுனில் மணந்த பிறகு மெல்லப் பரவியது. அதற்கு முன்னால் பிரெஞ்சு அரச குடும்பத்தில் வெள்ளை துக்கத்துக்கும் உரியதாக இருந்தது. ஸ்காட்லாந்து அரசி மேரி 1558இல் பாரிஸில் வெள்ளை உடுத்தி மணமுடித்தார். 1560இல் கணவர் போனதும் துக்கத்துக்கு உடுத்தியதும் வெள்ளையே. ஜப்பானில் பழைய முறைக் கல்யாணப் பெண்ணுக்குத் தலை முதல் கால் வரை வெள்ளை, இறந்தவருக்கும் வெள்ளைக் கிமோனோ. உயிரோடிருப்பவர் இடப்பக்கத்தை வலப்பக்கத்தின் மேல் மடித்துக் கட்டுவார். இறந்தவருக்கு அதை மாற்றிக் கட்டுவார்கள். மடிப்பைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இனி உன் மேடை. சீன வழக்கத்தில் நெருங்கிய உறவினர் துக்கத்துக்கு உடுத்தியது, வெளுக்காத முரட்டுச் சணல்நார்த் துணி. ஆகவே பாட்டிக்குப் பளீர் வெள்ளையைவிட உன் வெளுக்காத கோரா துணிதான் அதிகம் உறுத்தும். பின்திரைக்குக் கோரா வேண்டாம். பளபளப்புள்ள சாட்டின் எடு, தட்டையாகத் தொங்கவிடாமல் நெருக்கமாகக் கொசுவம் பிடி. தட்டையாகத் தொங்கும் வெள்ளையைப் பார்த்தால் நம்மவர்களுக்கே பந்தல் மறைப்புத் துணி மாதிரி இருக்கும். கோராவையும் சாட்டினையும் கலக்கவே கலக்காதே: சாட்டின் பக்கத்தில் கோரா அழுக்காகத் தெரியும். சொட்டு நீலம் போட்ட பருத்தியும் அதே கதைதான், போட்டோவில் நீலம் அடிக்கும்.

விளக்கு இளமஞ்சள் ஒளி தரும் 3000 கெல்வின் வாங்கு. மண்டபத்து டியூப்கள் பெரும்பாலும் நீலம் கலந்த வெள்ளொளி தரும் 6500. அதில் வெள்ளைத் துணி ஆஸ்பத்திரி மாதிரி ஆகிவிடும். இரண்டையும் சேர்த்து எரியவிட்டால் திரையில் பாதி மஞ்சளும் பாதி நீலமுமாக விழும், கேமராக்காரர் எதைச் சரிசெய்வார்? மேடைக்கு மேலுள்ள டியூப்களை அணைக்கச் சொல்லி மண்டபக்காரரிடம் முந்தின நாளே பேசிவிடு.

பூவில்தான் பெரிய பிழை நடக்கும். வெள்ளைச் செவ்வந்தி வேண்டவே வேண்டாம். நமக்கு அது சாமிக்குப் போடுகிற பூ. சீனா, கொரியா, ஜப்பானில் அஞ்சலிப் பூ. அந்த இடத்தில் சம்பங்கி போடு, பத்துச் சரத்துக்கு மூன்று சரமாவது சிவப்பு ரோஸ் ஊடுவிடு. சீனக் கல்யாணத்துக்குச் சிவப்புதான் உயிர். இதற்கென்றே செய்ததுபோல நம்மிடம் ஒன்று இருக்கிறது: தோவாளை மாணிக்கமாலை. வெள்ளை அரளி, சிவப்பு அரளி, நொச்சி இலை மூன்றையும் மடித்து, கல் பதித்தமாதிரி கட்டுவார்கள். பொண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் அதையே மாலையாகச் சொல்லிவிட்டால் இரண்டு வீட்டு நிறமும் ஒரே மாலையில் வந்துவிடும். அரளி விஷம் என்பதை மட்டும் மறக்காதே. கேக் மேசைக்கும் பந்திக்கும் அது போகக்கூடாது.

தலைப்பூவுக்குப் பிச்சியா மல்லிகையா என்று கேட்பார்கள். பிச்சி மொட்டின் வெளிப்புறம் இளஞ்சிவப்பு ஓடியிருக்கும், வாசம் அருமை. சுத்த வெள்ளைதான் வேண்டும் என்றால் மல்லிகை. காலையில் பறித்த மொட்டாக வாங்கி, ஈரத்துணியில் சுற்றி வை. தண்ணீரில் முக்கினால் இதழில் பழுப்புப் புள்ளி விழும். வெள்ளையில் அதை மறைக்க வழியே இல்லை. சாயங்காலம் தானாக விரியும், வரவேற்புக்குச் சரியாக இருக்கும்.

மேடை உன் பொறுப்பு. ஆனால் மொய் விஷயத்தையும் பொண்ணு வீட்டாரிடம் சொல்லிவை, ஒருவரும் சொல்லமாட்டார்கள். சிங்கப்பூர்ச் சீனர்களுக்கு வெள்ளைக் கவர் என்றால் இழவுப் பணம். கல்யாணத்துக்குச் சிவப்புக் கவர், அதிலும் இரட்டைப்படைத் தொகை, ஒற்றைப்படை துக்கத்துக்கு. நம்ம ஆட்கள் வெள்ளைக் கவரில் ஒரு ரூபாய் ஒட்டி ஐந்நூற்றொன்று வைத்துக்கொடுத்தால் எப்படியிருக்கும், யோசித்துப் பார். சுவர்க்கடிகாரப் பரிசும் வேண்டாம். 'கடிகாரம் கொடுப்பது' என்பது அவர்கள் பேச்சில் கடைசிச் சடங்கு செய்வது போல ஒலிக்கும். சாப்பாட்டு மேசைகளுக்கு எண் ஒட்டுவதாக இருந்தால் 4ஐத் தாண்டிப் போ. அந்த எண்ணின் ஒலி சாவுக்கான சொல்லோடு ஒத்துப்போகும். 8 அவர்களுக்கு ராசியான எண், பாட்டியை அதில் உட்காரவை.

அன்புடன்,
அண்ணன்