சுளவோடு என் வீட்டுக்கு வந்தவர்களுக்கு

புளியரையிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு முடக்குவாதம் என்ற மூட்டு நோய் இருப்பது தெரிந்த நாள் முதல் எத்தனையோ பேர் உதவியிருக்கிறீர்கள். பணம் தந்தவர்களின் வீட்டுக்கு நேரில் வந்து நன்றி சொல்லிவிட்டேன். இந்த மடல் வேறோர் உதவிக்காக. என்னைத் தனியாகக் கிடக்க விடாமல் பார்த்துக்கொண்டீர்களே, அதற்காக.

எங்கள் பக்கத்தில் பீடி சுற்றுவது கூலிக்காக மட்டும் இல்லை. மடியில் சுளவு என்கிற முறம், சுற்றிலும் நாலு பேர். கை தன் போக்கில் இலையைச் சுருட்டி நூல் கட்டிக்கொண்டிருக்கும். பிள்ளைகளின் படிப்பு, சீட்டுப் பணம், மாமியார் மருமகள் வழக்கு எல்லாம் அந்தத் திண்ணையில்தான் பேசித் தீரும். இந்த நோயோ பெரும்பாலும் விரல் கணுக்களையும் மணிக்கட்டையும்தான் முதலில் பிடிக்கிறது. இரண்டு கையையும் ஒன்றுபோலப் பிடிக்கிறது. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே மூட்டின் உள்சவ்வைத் தாக்குகிறது என்று மருத்துவர் விளக்கினார். பீடியின் நுனியை மடக்கக்கூட விரல் வளையாமல் போனபோது சுளவை இறக்கி வைத்தேன். அதோடு திண்ணையும் போயிற்று. கூலி போனதை வீட்டில் எல்லோரும் கணக்குப் பார்த்தார்கள். பேச்சுத்துணை போனதை எந்தக் கணக்கில் எழுதுவது?

காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரத்துக்கு மேல் கை விறைத்திருக்கும், டம்ளரைப் பிடிக்க முடியாது. மாலையில் அதே கை பூத்தொடுக்கும். மாலையில் பார்ப்பவர்கள், "நன்றாகத்தானே இருக்கிறாய்" என்பார்கள். நாளைக்கு எப்படி இருப்பேன் என்று எனக்கே தெரியாது. அதனால் கல்யாண வீடு, சடங்கு வீடு எதற்கும் வருகிறேன் என்று வாக்குக் கொடுக்கப் பயம். வராதவளை அழைப்பதை ஊர் மெல்ல நிறுத்திவிடும். யாரும் வேண்டுமென்றே ஒதுக்குவதில்லை, ஆனாலும் கதவு சாத்தப்பட்டுவிடுகிறது. 2019ஆம் ஆண்டுக் கணக்குப்படி உலகில் 1 கோடியே 80 லட்சம் பேருக்கு முடக்குவாதம், அவர்களில் 10 பேருக்கு 7 பேர் பெண்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அவர்களில் எத்தனை பேர் இப்படி உள்வீட்டில் உட்கார்ந்திருப்பார்களோ என்று நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

எதிர்வீட்டு மதினி ஒருநாள் சுளவைத் தூக்கிக்கொண்டு நேராக என் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். "நீ சுற்ற வேண்டாம், கட்டுக்கு 25 சரியாக இருக்கிறதா என்று எண்ணு போதும்" என்றார்கள். மறுநாள் கடைசி வீட்டு ஆச்சி வந்தார்கள், பிறகு இன்னும் இரண்டு பேர். என் விறைப்பு தளர்ந்த பிறகு வரவேண்டும் என்று தங்கள் சமையல் நேரத்தையே மாற்றிக்கொண்டார்கள். நான் சோர்ந்து சாய்ந்தால் யாரும் எழுந்து போவதில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டிருப்பேன், பேச்சு நடந்துகொண்டிருக்கும். மதினி, அந்தச் சத்தம் எனக்கு எவ்வளவு பெரிய மருந்து என்று உங்களிடம் இதுவரை நான் சொன்னதே இல்லை.

திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் செவிலியருக்கும் நன்றி. இந்த நோய்க்கான மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்துக்கு ஒரே நாள்தான், தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து என்று அவர் என் கணவருக்கும் மகளுக்கும் பொறுமையாகத் திரும்பத் திரும்பச் சொன்னார். கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது என்றும் சொல்லி அனுப்பினார். மாத்திரை உறையில் கிழமையைத் தமிழில் கொட்டை எழுத்தில் எழுதித் தந்த மருந்துக்கடைத் தம்பிக்கும், தென்காசி பஸ்ஸில் நான் இறங்கி முடிக்கும் வரை விசில் கொடுக்காமல் காத்திருக்கும் கண்டக்டர் அண்ணனுக்கும் நன்றி.

அந்த மருத்துவமனைப் பெஞ்சில்தான், எல்லை தாண்டிக் கேரளத்தில் இருக்கும் ஆரியங்காவுச் சேச்சி எனக்குக் கிடைத்தார். அவருக்கும் இதே நோய், ஆமவாதம் என்பார். அவர் பாதித் தமிழில் பேசுவார், நான் பாதி மலையாளத்தில் பேசுவேன். காலையில் சட்டைக் கொக்கி மாட்ட முடியாமல் அழுததை என் தாயிடம்கூட நான் சொல்லவில்லை, அவரிடம் சொன்னேன். சேச்சி பதில் எதுவும் சொல்லாமல், கொக்கியை எடுத்துவிட்டு ஒட்டுப்பட்டை தைத்திருந்த தன் சட்டையைக் காட்டினார். ஊருக்கு வந்ததும் நானும் அப்படியே தைக்கக் கொடுத்தேன். வலி கூடும் இரவுகளில் எந்த நேரமானாலும் போனை எடுக்கிறார்.

மார்கழியில் ஆரியங்காவு ஐயப்பன் திருக்கல்யாணத்துக்குச் சேச்சி அழைத்திருக்கிறார். மதுரையிலிருந்து சௌராஷ்டிர மக்கள் பெண் வீட்டாராக வரும் விழா அது. கோயிலுக்குச் சாலையிலிருந்து படியிறங்க வேண்டும். இந்த முறை தயங்காமல் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். மதினியும் ஆச்சியும் உடன் வருகிறார்கள். அன்று காலை கை கால் ஒத்துழைக்கவில்லையென்றால் மதியத்துக்கு மேல் புறப்படலாம் என்று மதினி இப்போதே பேசி வைத்திருக்கிறார்கள். நம் தெருவிலிருந்து வேறு யார் வருகிறீர்களோ, மதினியிடம் பெயர் கொடுத்துவிடுங்கள்.

அன்புடனும் நன்றியுடனும்,
உங்களில் ஒருத்தி,
புளியரை