மோட்டார் போட்டாச்சு சரி, ஸ்டாப்பர் எங்க?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

பேப்பர்ல வீடு, மனை விளம்பரம் வர்ற பக்கத்துல இப்பல்லாம் ஆட்டோமேட்டிக் கேட் விளம்பரமும் சேர்ந்தே வருது, ரிமோட்ட அமுக்குனா போதும், கார்ல இருந்து இறங்கவே வேணாம், இருக்கற ஸ்லைடிங் கேட்டுக்கே ஒரே நாள்ல மாட்டித் தர்றோம்னு. நான் மேடவாக்கம் பக்கம் கிரில் பட்டறை வச்சிருக்கேன். கேட் செய்யறதுதான் என் பொழப்பு, மோட்டார் விக்கிறதில்ல. ஒரே நாள்ல மாட்டலாம்கறது பொய் இல்ல, ஆனா மாட்டறதுக்கு முன்னாடி அந்தப் பழைய கேட்ட யாரு பாக்கறா?

இந்த மோட்டார நிறைய இடத்துல சிசிடிவி மாட்டற பசங்கதான் மாட்டறாங்க. வயரிங்ல கெட்டிக்காரங்க, அதுல குறை சொல்ல மாட்டேன், ஆனா வீல் பேரிங் போயிருக்கா, தண்டவாளம் மட்டத்துல இருக்கா, கேட்ட மேல சாயாம பிடிக்கற கைடு ரோலர் தேஞ்சிருக்கான்னு குனிஞ்சு பாக்கறவங்க கம்மி. கேட் டைட்டா இருக்குப்பான்னு சொன்னா, 600 கிலோவுக்கு பதிலா 1000 கிலோ மோட்டார் போட்டுக்கலாம் சார்னு உடனே பதில் வருது. அங்கதான் தப்பு. மோட்டார் எத்தன கிலோ கேட்ட இழுக்கும்கற அந்தக் கணக்கெல்லாம் நல்லா உருள்ற கேட்டுக்கு சொன்னது. கேட் மேல ஏதாவது இடிச்சா மோட்டார் தானா நின்னு பின்னால போகணும், அதுக்குன்னு மோட்டார் போர்டுல, எவ்வளவு ஃபோர்ஸ் வரைக்கும் தள்ளணும்னு ஒரு செட்டிங் இருக்கு. சிக்கிச் சிக்கி நகர்ற கேட்டுல அந்த செட்டிங்க குறைவா வச்சா கேட் பாதியிலயே நின்னு திரும்பும், வீட்டுக்காரர் போன் போட்டு திட்டுவார், மாட்ட வந்தவர் ஃபோர்ஸ கடைசி வரைக்கும் ஏத்திட்டு போயிடுவார். அப்புறம் குறுக்க நிக்கறது பேரிங் மக்கரா, பேரப்புள்ளையான்னு அந்த மெஷினுக்கு எப்படித் தெரியும்?

எடைய சும்மா நினைக்காதீங்க. 12 அடி நீளம் 6 அடி உயர கேட்டுக்கு 1 மில்லி ஷீட் அடிச்சாலே ஷீட் மட்டும் 50 கிலோ தாண்டும், இப்ப எல்லாரும் ஆசைப்படற லேசர் கட்டிங்குக்கு 3 மில்லி ஷீட் எடுத்தா, வெட்டறதுக்கு முன்னாடி 150 கிலோவுக்கு மேல. ஃப்ரேம், வீல் எல்லாம் தனி. மோட்டார் போடணும்னு நினைக்கறவங்க முதல்ல ஒரு கையால தள்ளிப் பாருங்க, லேசா நகரணும், விட்ட இடத்துல நிக்கணும். விட்டதும் தானா ஒரு பக்கமா ஓடுச்சுன்னா தண்டவாளம் சரிவா இருக்குன்னு அர்த்தம், மோட்டார பத்தி அப்புறம் பேசிக்கலாம், முதல்ல தரைய சரி பண்ணுங்க.

நான் முக்கியமா எழுத வந்தது ஸ்டாப்பர் பத்தி. கேட் ஒரு அளவுக்கு மேல போகாம தடுக்க ரெண்டு முனையிலயும் தரையில ஒரு இரும்பு முட்டு இருக்கணும். மோட்டார் மாட்டும்போது இது குறுக்க வருதுன்னு அறுத்துப் போட்டுடறாங்க, கேட் கடைசிக்கு வந்ததும் மோட்டார ஆஃப் பண்ற லிமிட் ஸ்விட்ச் இருக்கே சார், அதுவே நிறுத்திடும்னு சொல்லிட்டு. கரண்ட் இருக்கற வரைக்கும் நிறுத்தும். கரண்ட் போனா சாவி போட்டு மோட்டார லூஸ் பண்ணி கையால தள்றோம் இல்லையா, அப்ப லிமிட் ஸ்விட்ச் எங்க இருந்து வேலை செய்யும்? வேகமா தள்ளுனா கேட் கைடு ரோலர தாண்டி வெளிய வந்துடும், மேல பிடிமானம் போச்சுன்னா 200, 300 கிலோ அப்படியே சாயும். கேட் சாஞ்சு விழுந்து குழந்தை செத்த செய்தி பேப்பர்ல வராம இல்ல, படிச்சுட்டு அடுத்த பக்கம் திருப்பிடறோம். ஒரு ஸ்டாப்பருக்கு ஒரு துண்டு ஆங்கிள், நாலு ஆங்கர் போல்ட்டு போதும், டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள போட்டுடலாம்.

அடுத்து சென்சார். ரெண்டு தூண்லயும் எதிர் எதிரா வைக்கற போட்டோசெல்லத்தான் சொல்றேன், நடுவுல ஆள் வந்தா மூடற கேட் நிக்கும். கொட்டேஷன்ல இது பல தடவை எக்ஸ்ட்ரான்னு தனியா வருது, வீட்டுக்காரரும் அதத்தான் முதல்ல வெட்டறார். அமெரிக்காவுல யூஎல் 325னு ஒரு தரம் இருக்கு, 2016ல இருந்து அதுபடி செய்யற மோட்டார்ல இந்த மாதிரி பாதுகாப்பு சென்சார் இணைச்சிருக்கா, வேலை செய்யுதான்னு மோட்டாரே பாத்துக்கணும், இல்லைன்னா அது வழக்கம்போல ஓடாது. நம்ம ஊர்ல சென்சாருக்கான இடத்துல ஒரு துண்டு வயர ஜம்பர் போட்டு ஓட்டிடறாங்க. சென்சார ரொம்ப மேல வச்சாலும் பிரயோஜனம் இல்ல, தவழற புள்ள, நாய்க்குட்டி எல்லாம் அடியில போயிடும், அதனால முழங்கால் உயரத்துக்கு மேல போகாம ஒரு ஜோடி வேணும்.

கம்பி வச்ச கேட்டா இருந்தா இன்னொண்ணும் இருக்கு. கேட் திறந்து பின்னால போகும்போது கம்பியும் தூணும் கத்திரி மாதிரிதான், கம்பிக்குள்ள கைய விட்டு வேடிக்கை பாக்கற புள்ளையோட கை என்ன ஆகும்னு நான் சொல்லணுமா? அதுக்கு மெஷ்ஷோ ஷீட்டோ அடிச்சு அடைக்கணும். கேட்டுக்குள்ளயே ஆள் மட்டும் நடந்து போற சின்ன விக்கெட் கேட் இருந்தா, அது திறந்திருக்கும்போது மோட்டார் ஓடாத மாதிரி ஒரு ஸ்விட்ச் வைக்கச் சொல்லுங்க.

மடிப்பாக்கம், வேளச்சேரி பக்கம் இருக்கறவங்களுக்கு மழைத்தண்ணி பத்தி நான் சொல்லித் தரவேண்டியதில்ல. பழைய ரோட்ட சுரண்டாமலே மேல மேல ரோடு போட்டதுல பல தெருவுல வீடு பள்ளத்துக்குப் போயிடுச்சு, அந்த வாசல்ல தரையோட தரையா சிமெண்ட் போட்டு மோட்டார உக்கார வச்சா நவம்பர், டிசம்பர்ல போர்டு முழுகாம என்ன பண்ணும். பீடத்த ஒரு அடியாவது தூக்கிக் கட்டுங்க. அப்படி தூக்குனா, மோட்டார் பல்லு பிடிச்சு இழுக்கறதுக்காக கேட்ல மாட்டற பல்லுப் பட்டையையும் அந்த உயரத்துக்கு ஏத்தணும், அங்க சட்டம் இல்லைன்னா ஒரு சேனல் வெல்டிங் பண்ணணும், அதனாலதான் யாரும் செய்யறதில்ல. பட்டைக்கும் மோட்டார் பல்லுக்கும் நடுவுல 1, 2 மில்லி இடைவெளி கண்டிப்பா இருக்கணும், கேட்டோட எடை பல்லு மேல உக்காந்தா ஷாஃப்ட் சீக்கிரம் போயிடும். வீல் தேய தேய கேட் கீழ இறங்கும், அந்த இடைவெளிய அப்பப்ப பாக்கணும். இரும்பு கேட், மழை, கரண்ட் மூணும் ஒரே இடத்துல, அதனால எர்த்தும் கரண்ட் கசிஞ்சா தானா கட் பண்ற 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபியும் இல்லாம ஸ்விட்சே போடாதீங்க.

லிஃப்டுக்கு 1997லயே தமிழ்நாட்டுல சட்டம் வந்துடுச்சு, லைசென்ஸ் இருக்கு, இன்ஸ்பெக்டர் வந்து பாக்கறார். தெருவ ஒட்டி, ஸ்கூல் புள்ளைங்க நடக்கற இடத்துல, ஆளே இல்லாம ஓடற இந்த கேட்ட நான் பாத்த வரைக்கும் யாரும் வந்து பாத்ததில்ல. தனி வீட்ட விடுங்க, அப்பார்ட்மென்ட், ஸ்கூல், கல்யாண மண்டபத்துல இருக்கற மோட்டார் கேட்டையாவது வருஷத்துக்கு ஒரு தடவை யாராவது பாத்து கையெழுத்துப் போடணும்னு அரசாங்கம் ஒரு விதி கொண்டு வரலாம். உங்க பேப்பரும் விளம்பரம் வாங்கும்போது, சென்சாரும் ஸ்டாப்பரும் அந்த விலையில சேருமான்னு ஒரு வரி போடச் சொல்லிக் கேக்கலாம்.

அதுவரைக்கும் மோட்டார் வச்சிருக்கறவங்க லூஸ் பண்ற சாவி எங்க இருக்குன்னு வீட்ல பெரியவங்களுக்கும் வாட்ச்மேனுக்கும் காட்டி வைங்க, கார் டேஷ்போர்டுல ஒண்ணு இருக்கட்டும். எல்லாரும் வெளிய போயிருக்கும்போது கரண்ட் போச்சுன்னா, சாவி உள்ள, நீங்க தெருவுல.

இப்படிக்கு,
கிரில் பட்டறைக்காரர் ஒருவர்,
மேடவாக்கம், சென்னை