மேடை நாடகம் காதுக்கு வந்தது: உடன் நின்றவர்களுக்கு நன்றி

அன்புள்ள நண்பர்களே,

எங்கள் மேடை இசை நாடகம் முழுநீள ஒலி நாடகமாகிவிட்டது. பார்வையற்றவர்கள், படுக்கையை விட்டு எழ முடியாதவர்கள், அரங்கின் படிகளும் கூட்டமும் ஒத்துக்கொள்ளாதவர்கள் எல்லாரும் இனி இருந்த இடத்திலேயே கேட்கலாம். இதற்குக் கைகொடுத்தவர்களுக்கு எல்லார் முன்னாலும் நன்றி சொல்லத்தான் இந்த மடல்.

முதல் நன்றி, பதிவுக்கு முன்பே எங்களோடு உட்கார்ந்து பிரதியைக் கேட்ட பார்வையற்ற நண்பர்களுக்கு. வசனங்களின் இடைவெளியில் ஒருவர் மேடைக் காட்சியைக் காதுக்குள் விவரிக்கும் ஒலிவிளக்க முறையை, 1981-இல் வாஷிங்டனின் அரீனா ஸ்டேஜ் அரங்கில் தொடங்கிவைத்தவர் மார்கரெட் ஃபான்ஸ்டீல். அவரும் பார்வைக் குறைபாடு உடையவர்தான். வசன நாடகத்துக்கு அது அருமையான வழி. ஆனால் இசை நாடகத்தில் இடைவெளி ஏது? வசனம் முடிந்தால் பாட்டு, பாட்டு முடிந்தால் ஆட்டம். பாட்டின்மேல் விளக்கம் பேசினால் இரண்டுமே கெட்டுவிடும். விளக்கத்தைக் குறைக்கச் சொன்னவர்கள் நீங்கள். யார் உள்ளே வந்தார், யாரைப் பார்த்துப் பேசுகிறார் என்பது தெரிந்தால் மற்றதை நாங்களே பிடித்துக்கொள்வோம் என்றீர்கள். பிரதியே அதன்பிறகுதான் உருப்பட்டது.

இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் பெரிய கடன் இருக்கிறது. மேடையேற்ற அனுமதி வேறு, ஒலிப்பதிவுக்கு அனுமதி வேறு. அதைத் தந்ததோடு நிற்காமல், தங்கள் பாட்டில் கைவைக்கவும் விட்டார்கள். ஐந்து பேர் சேர்ந்து பாடும்போது யாருடைய வரி எது என்று மேடையில் கண் சொல்லிவிடும். காதுக்கு ஐந்தும் ஒரே குரலாகக் குழையும். அதனால் ஒவ்வொருவரும் முதலில் ஒரு வரியைத் தனியாகப் பாடி, அப்புறம் சேரும்படி அந்தப் பாட்டையே மாற்றித் தந்தார்கள். எனக்கு மேடை வடிவத்தைவிட இதுதான் அதிகம் பிடிக்கிறது.

ஒலிப்பொறியாளருக்கு என்ன சொல்ல! 1881-இல் பாரிஸ் மின்சாரக் கண்காட்சியில், கிளெமாந் அதேர் ஓபரா அரங்கின் பாட்டைத் தொலைபேசிக் கம்பிவழி அனுப்பிக்காட்டினார். இரண்டு காதுக்கும் தனித்தனி ஒலிவாங்கி வைத்ததால், பாடகர் மேடையில் நகர்வதே கேட்டவர்களுக்குப் புலப்பட்டது. அதே இட-வல உணர்வை வைத்து, எங்கள் பாத்திரங்கள் ஒவ்வொருவருக்கும் நிற்க ஓர் இடம் பிடித்துக் கொடுத்தார் எங்கள் ஒலிப்பொறியாளர். விளக்கு மங்கிக் காட்சி மாறும் இடத்தில் எதிரொலியை மாற்றினார். அறையிலிருந்து திறந்தவெளிக்கு வந்துவிட்டோம் என்பது சொல்லாமலே புரிகிறது. கடிதம் பறிபோகும் காட்சிக்காகக் காகிதத்தைக் கசக்கிக்கொண்டே இருந்த ஓசைக் கலைஞர்களையும் மறக்க முடியாது.

நடிகர்களே, உங்களுடைய முகபாவம் முழுவதையும் குரலுக்குள் கொண்டுவரச் சொன்னோம். கைத்தட்டலுக்கு நிற்கும் பழக்கத்தையும் விடச் சொன்னோம். முகம் சுளிக்காமல் செய்தீர்கள்.

காது கேளாதவர்களும் தொடர்ந்து வர, பாட்டு, வசனம், ஓசைக் குறிப்பு எல்லாவற்றையும் எழுத்தாக்கித் தந்த தன்னார்வலர்களுக்கும், ஒத்திகைக்கு அறை தந்தவர்களுக்கும் மனமார்ந்த நன்றி.

அடுத்த நாடகத்தின் பிரதி வாசிப்பைத் தொடங்கப் போகிறோம். இதைக் கேட்கும்போது எந்த இடத்தில் யார் பேசுகிறார் என்று குழம்பியதோ, அதை எங்களுக்கு எழுதுங்கள். அந்த வாசிப்பில் அதைத்தான் முதலில் எடுத்துப் பேசுவோம்.

அன்புடன்,
நாடகக் குழுவினர் சார்பில்