ஐ-ஃபைவில் வரும் மகளுக்கு

கண்ணம்மா,

நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்குக் காரிலேயே வருகிறேன் என்று முடிவு செய்துவிட்டாய். சரி, வா. லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து சான் ஹோசே ஏறக்குறைய 340 மைல். எல்லாரும் கிரேப்வைன் மலைச்சரிவை நினைத்துத்தான் பயப்படுவார்கள். எனக்கு அதைவிட, மலை இறங்கியபின் பள்ளத்தாக்கில் வரும் அந்த நேர்சாலையைப் பற்றித்தான் கவலை.

அங்கே ஐ-ஃபைவ் நெடுஞ்சாலையில் ஒரு பக்கத்துக்கு இரண்டே லேன். காருக்கு 70 மைல் வேகம், ட்ரக்குக்கு 55. முன்னால் 55இல் போகிற ட்ரக்கை முந்துவதற்காக, 57இல் வருகிற இன்னொரு ட்ரக் இடது லேனுக்கு ஏறும். முந்தி முடிக்க ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகும். அதற்குள் பின்னால் 80இல் வந்த கார்களெல்லாம் பிரேக் போட்டு, ஒன்றன் வாலை ஒன்று பிடித்தபடி நெருங்கி நிற்கும். பொறுமை போனவர்கள் வலது பக்கமாகப் புகுந்து முந்தப் பார்ப்பார்கள். அந்தச் சாலையில் பெரும்பாலான ஆபத்து இந்தக் கூட்டத்துக்குள்தான் இருக்கிறது.

அந்த நேரத்தில் உன்னைக் காப்பாற்றுவது முன்னால் இருக்கும் இடைவெளி மட்டும்தான். 70 மைல் வேகத்தில் கார் ஒரு விநாடிக்கு 103 அடி ஓடுகிறது. முன்னால் போகும் காரின் பிரேக் விளக்கு எரிவதைப் பார்த்து, உன் கால் பிரேக்குக்குப் போகவே ஒன்று, ஒன்றரை விநாடி ஆகிவிடும். ஒரு விநாடி இடைவெளியில் போகிறவர்களுக்கு பிரேக் இருந்தும் பிரயோஜனம் இல்லை. முன்னால் போகும் கார் ஒரு கம்பத்தைத் தாண்டியதும் நிதானமாக எண்ணத் தொடங்கு. நீ அந்தக் கம்பத்துக்கு வர மூன்று விநாடியாவது ஆக வேண்டும். ஏறக்குறைய இருபது கார் நீளம். மழையிலும் இருட்டிலும் ஐந்து, ஆறு விநாடி.

இவ்வளவு இடம் விட்டால் யாராவது வந்து புகுந்துவிடுவார்களே என்பாய். புகட்டும். ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் தளர்த்தி மறுபடி மூன்று விநாடி விட்டுக்கொள். வழியில் பத்துப் பேர் புகுந்தாலும் உனக்கு நஷ்டம் அரை நிமிஷம்தான். ட்ரக்குக்குப் பக்கத்தில், அதிலும் வலப்பக்கத்தில், இணையாக ஓட்டிக்கொண்டே இருக்காதே. அதன் கண்ணாடியில் டிரைவரின் முகம் உனக்குத் தெரியவில்லை என்றால் அவருக்கும் நீ தெரியவில்லை. முன்னால் இடம் இருக்கிறதா என்று பார்த்து, தயங்காமல் தாண்டிப் போய்விடு.

இந்தப் பருவத்தில் புழுதியும் வரும், மூடுபனியும் வரும். 1991ஆம் ஆண்டு நவம்பர் 29, தேங்க்ஸ்கிவிங்குக்கு மறுநாள், கோலிங்கா அருகே இதே சாலையில் புழுதிக்காற்றில் நூற்றுக்கும் மேற்பட்ட வண்டிகள் ஒன்றோடொன்று மோதி 17 பேர் இறந்தார்கள். தரிசு நிலத்து மண்ணைக் காற்று அள்ளி வந்து சாலையை மறைத்துவிட்டது. தூரத்தில் பழுப்புச் சுவர் மாதிரி தெரிந்தால் அதற்குள் நுழையவே நுழையாதே, முந்தின எக்ஸிட்டிலேயே இறங்கிவிடு. மாட்டிக்கொண்டால் லேனில் நிற்காதே. சாலை ஓரத்து ஷோல்டரையும் தாண்டி எவ்வளவு ஒதுங்க முடியுமோ அவ்வளவு ஒதுங்கி நிறுத்தி, எல்லா விளக்குகளையும் அணைத்து, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிடு. விளக்கு எரிந்தால் பின்னால் வருகிறவர் அதுதான் லேன் என்று நினைத்து உன் மேலேயே வந்து ஏறுவார்.

மூடுபனி இரவிலும் விடிகாலையிலும்தான் கெட்டியாக இறங்கும். அதில் ஹை பீம் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு உன் கண்ணுக்கே திரும்பி வரும். லோ பீம்தான் போட வேண்டும். காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினால் பள்ளத்தாக்கைத் தாண்டும்போது பெரும்பாலும் பனி விலகியிருக்கும். இன்னொரு லாபமும் உண்டு. ஐ-ஃபைவை விட்டு கில்ராய் ஊருக்குப் போகும் 152ஆம் நெடுஞ்சாலை மேற்கு நோக்கிய சாலை. நவம்பர் கடைசியில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் இறங்கிவிடும். நாலு மணிக்கு அங்கே இருந்தால் நேராகக் கண்ணில் அடிக்கும், ஒன்பதுக்குக் கிளம்பினால் அதற்கு முன்பே தாண்டிவிடலாம். கில்ராயை நெருங்கும்போது சாலை நடுத்தடுப்பு இல்லாமல் குறுகும். அங்கே பகலிலும் ஹெட்லைட்டைப் போட்டே ஓட்டு, முந்தாதே.

கிரேப்வைன் இறக்கம் 6 சதவீதச் சரிவு, சுமார் ஐந்து மைல். பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடேறி, பெடல் அழுத்தினாலும் பிடிக்காமல் போகும். இறக்கம் தொடங்கும் முன்பே டி-யிலிருந்து கீழ் கியருக்கு மாற்று. எஞ்சின் சத்தம் கூடும். பயப்படாதே, வேகத்தை அதுதான் பிடித்து வைத்திருக்கிறது. அதற்கு மேலும் வேகம் ஏறினால் நன்றாக அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடு.

முந்தின நாள் காலையில், வண்டியை எடுப்பதற்கு முன், டயர் காற்றைப் பார். ஓட்டுநர் கதவைத் திறந்தால் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவுதான் கணக்கு, டயரில் பொறித்திருப்பது அல்ல. டயரின் பக்கவாட்டில் DOT என்ற எழுத்துகளில் தொடங்கும் வரிசையின் கடைசி நாலு எண்களையும் பார், டயரின் வயது அதில் தெரியும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. டயர் வெடித்தால் பிரேக் போடாதே. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் நேராகப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெதுவாக எடு. வேகம் தானாகக் குறைந்த பிறகு ஷோல்டருக்குக் கொண்டு போ.

கெட்டில்மேன் சிட்டி ஏறக்குறைய பாதி வழி. அங்கே இறங்கிச் சாப்பிடு, ஆனால் வயிறு முட்டச் சோறு வேண்டாம், மதியத் தூக்கம் நேரே இமையில் வந்து உட்காரும். கடந்த சில மைல் எப்படி வந்தோம் என்று நினைவில்லாவிட்டாலும், கார் லேன் கோட்டை ஒருமுறை தொட்டாலும், அடுத்த எக்ஸிட்டில் இறங்கு. ஜன்னலைத் திறப்பதும் பாட்டைக் கூட்டுவதும் தூக்கத்தை நிறுத்தாது. ஒரு காபி குடித்துவிட்டு உடனே இருபது நிமிஷம் தூங்கு. நீ எழும்போது காபி வேலை செய்யத் தொடங்கியிருக்கும்.

கெட்டில்மேனில் வண்டியை நிறுத்தியதும் ஒரு மெசேஜ் போடு. நடுவில் நான் கூப்பிட்டாலும் எடுக்காதே. மாலை எத்தனை மணியானாலும் ரசம் சூடாக இருக்கும்.

அம்மா