தொடாமல் நின்ற கைகளுக்கு நன்றி

பினாங்கு பாயா தெருபோங்கில் எங்கள் அடுக்குமாடியில் குடியிருக்கும் எல்லாருக்கும், அன்று காலை உதவிக்கு வந்த எல்லாருக்கும் வணக்கம்.

நேற்று மாலை போன் வந்தது. நம் மோட்டார் சைக்கிள் கொட்டகையில் கிடந்த தேவாங்கைக் காட்டில் விட்டுவிட்டார்களாம். இருட்டிய பிறகு கூண்டைத் திறந்து வைத்துக் காத்திருந்தார்களாம். வெகுநேரம் கழித்து மெல்ல வெளியே வந்து, ஒரு கிளையைப் பற்றி ஏறிப் போய்விட்டதாம். கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே இதை எழுத உட்கார்ந்தேன்.

முதல் நன்றி நம் காவலாளி அண்ணனுக்கு. விடிவதற்கு முன் அதைக் கண்டவர் அவர்தான். நாய்களை விரட்டிவிட்டு, டார்ச்சையும் அணைத்துவிட்டு இருட்டிலேயே காவல் நின்றார். "வெளிச்சம் பட்டா அதுக்குக் கண்ணு கூசுதும்மா" என்றார். இரவில் நடமாடும் விலங்கு அது. யாரும் சொல்லித் தராமலே அவருக்கு அது புரிந்திருந்தது.

என் பாட்டி ஒல்லிப் பிள்ளைகளைப் பார்த்தால் "தேவாங்கு மாதிரி இருக்கே" என்பார். ஊரில் இருப்பது அந்த மெலிந்த இனம். இங்கே மலாய்க்காரர்கள் கோங்காங் என்று சொல்வது கொஞ்சம் உருண்டையாக, பெரிய கண்களோடு இருக்கும். ஒரு கிலோ எடைகூட இருக்காது. பார்த்தவுடன் தூக்கிக் கொஞ்சத் தோன்றும். எனக்கும் தோன்றியது. வாழைப்பழம் நறுக்கிக்கொண்டு கீழே இறங்கினேன்.

தடுத்தது பதினோராம் மாடியில் இருக்கும் தம்பி, படிவம் நான்கு படிக்கிறவன். "அக்கா, வேணாம். காட்டுல மரப் பிசினும் பூந்தேனும் பூச்சியும் தின்னுறது இது. இனிப்புப் பழம் பல்லைக் கெடுத்துடும்." சரி என்று நிறுத்திக்கொண்டேன். அப்போது அது இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கியது. "கும்பிடுது பாருங்க!" என்று யாரோ நெகிழ்ந்து போனார்கள். அது கும்பிடு இல்லை, பயம் என்றான் தம்பி. மேற்கையின் உட்புறம் ஒரு சுரப்பி இருக்கிறது. அதில் கசிவதை நக்கி எச்சிலோடு கலந்தால் நஞ்சாகிவிடும். கடித்தால் மனிதருக்கே ஆபத்தாகலாம். அதன் பிறகு இருபது பேர் சுற்றி நின்றும் ஒரு கைகூட நீளவில்லை. தம்பி, உன் வயதில் எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. உனக்கும், உன்னை இப்படி வளர்த்த அம்மாவுக்கும் நன்றி.

நாசி லெமாக் விற்கும் அக்கா, முட்டைப் பெட்டியைக் காலி செய்து துளை போட்டு, தன் துண்டையும் விரித்துக் கொடுத்தார். பக்கத்துக் கட்டடத்திலிருந்து ஒருவர் வந்து விலை பேசியபோது அவரைத் துரத்தியதும் அதே அக்காதான். 2010ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி இது முழுப் பாதுகாப்பு பெற்ற விலங்கு. விற்பது மட்டுமல்ல, வீட்டில் வைத்திருப்பதும் குற்றம்.

வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் அதிகாரிகள் தடித்த கையுறையோடு வந்தார்கள். இடது கையில் தீக்காயம் இருந்தது. மின்கம்பியைப் பிடித்திருக்கிறது. அப்புறம் அவர்கள் பார்த்தது பல்லைத்தான். செல்லப் பிராணியாக விற்பவர்கள் முன்பற்களை நறுக்கிவிடுவார்களாம். அப்படி நறுக்கப்பட்டால் பட்டையைச் சுரண்டிப் பிசின் எடுக்க முடியாது. காட்டுக்கே திரும்ப முடியாமல் போய்விடும். நம்முடையதற்குப் பல் முழுசாக இருந்தது. அதைச் சொன்னபோது அந்த அதிகாரியின் முகம் மலர்ந்ததை மறக்க மாட்டேன்.

காயம் ஆற்றிய மருத்துவருக்கும் பராமரித்தவர்களுக்கும் ஒரு தனி நன்றி. ஒருமுறை வந்து பார்க்கலாமா என்று நான் இரண்டு தடவை கேட்டேன், இரண்டு தடவையும் மறுத்தார்கள். அப்போது வருத்தமாக இருந்தது. மனித முகம் பழகிப்போனால் காட்டில் பிழைக்காது என்று பிறகுதான் விளங்கியது. பத்து வாரமும் அதைக் கொஞ்சாமலே பார்த்துக்கொண்டார்களே, அது சின்ன விஷயமில்லை.

அது ஏன் கம்பிக்குப் போனது என்பதையும் சொல்லியாக வேண்டும். பின்னால் இருந்த சரிவை இரண்டே நாளில் மொட்டையாக்கினார்கள். கோங்காங்குக்குத் தாவத் தெரியாது. கிளையோடு கிளை தொட்டால்தான் அடுத்த மரத்துக்குப் போகும். மரம் போனதும் கம்பிதான் அதற்குக் கிளையாகத் தெரிந்தது. 2020இலிருந்து அழியும் ஆபத்திலுள்ள இனங்களில் அது ஒன்று. தெலுக் பஹாங்கில் லோத்தோங் குரங்குகள் சாலையைக் கடக்க, 2019இல் பழைய தீயணைப்புக் குழாய்களால் மேலே பாலம் கட்டினார்கள். நம்மால் பாலம் கட்ட முடியாது. ஆனால் பின்வேலி ஓரம் இன்னும் 16 மரங்கள் நிற்கின்றன. வாகன நிறுத்தத்துக்காக அவற்றை வெட்ட வேண்டாம் என்று ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் கை தூக்கிய 34 வீட்டாருக்கும் நன்றி. கம்பியில் உரசும் கிளைகளை மட்டும் கழிக்க ஆள் சொல்லியாயிற்று. வரும் சனிக்கிழமை காலை வருகிறார். வண்டிகளைக் கொஞ்சம் தள்ளி நிறுத்திவிடுங்கள்.